நாழிக்கிணற்றுத் தண்ணீரும் ஹிலிக் குழலும்

அக்டோபர் 3, வியாழன்

இனிமேல் இந்த ஆய்வகத்தில் என்ன நடந்தாலும் அது நான் முன்னமே சொன்னதுதான். இதை இன்றைக்கே எழுதி வைக்கிறேன். பிற்பாடு யாரும் மாற்றிப் பேசக்கூடாது. என்ன நடக்கும் என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்த பிறகு, அதைத்தான் சொன்னேன் என்று எடுத்துக்கொள்ளவும்.

விஷயம் என்னவென்றால், இன்று காலை அந்தக் குழல் வந்து சேர்ந்தது. எஃகுக் குழல். ஒரு சாண் நீளம், சுண்டுவிரல் பருமன். அதற்கு மூன்று பெட்டி, அத்தனை பஞ்சு. என் அக்கா மகள் ஆவுடைச்செல்வி அதை இரண்டு கையாலும் வாங்கினாள். என் பேரனைக்கூட அவள் அப்படி வாங்கியதில்லை.

நான் இங்கே ஸ்டோர் பொறுப்பு. வெளியில் யாராவது கேட்டால் கெமிக்கல் கண்ட்ரோலர் என்று சொல்வது வழக்கம். பெயர் வன்னியப்பெருமாள். பி.யு.சி.யில் கெமிஸ்ட்ரி எடுத்துப் பாதி வரை படித்தேன். மீதிப் பாதியை இருபது வருஷம் சோடா கம்பெனியில் கையாலேயே படித்தேன். கரியமில வாயுவைப் பற்றி என்னிடம் பேசிவிட்டு யாரும் ஜெயித்துப் போனதில்லை. ஆவுடைக்கு இந்த வேலை கிடைத்ததே என் சிபாரிசில்தான். அவள் சேர்ந்து ஒரு மாசம் கழித்து நான் சேர்ந்தேன் என்பது வேறு விஷயம்.

டைரக்டர் ஞானதிரவியம் சார் வந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, கையெழுத்துப் போட்டு வாங்கியாச்சா?"

"வாங்கியாச்சு சார். இது கொஞ்சம் படுத்தும்."

"எது?"

"இந்தக் குழல்."

"எப்படிச் சொல்றீங்க?"

"பாத்தாலே தெரியுது சார்."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். இதை முன்கணிப்பு என்று இங்கே பதிவு செய்கிறேன்.

இதற்கு ஹிலிக் குழல் என்று பெயராம். இறால் சோதிக்கிற பியூலா (நல்ல பெண், நாக்குதான் ஒரு முழம்) ஹிலிக் என்றால் என்ன என்று என்னிடம் கேட்டாள். கண்டுபிடித்தவருடைய மூத்த மகளின் பெயர் என்று சொன்னேன்.

அக்டோபர் 4, வெள்ளி

பாட்டில்கள் கழுவினேன். ஹிலிக் என்பது யாருடைய மகளும் இல்லையாம்.

அக்டோபர் 7, திங்கள்

மத்தியானச் சாப்பாட்டில் ஆவுடை எனக்கு விளக்கம் சொன்னாள். எனக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். பிள்ளை சொல்லும்போது குறுக்கே பேசக்கூடாது என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மாமா, தேனீக்குச் சீக்கு வந்தா சில பேரு ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து வச்சிருதாவ. அது தேன்ல தங்கிட்டா வெளிநாட்டுக்காரன் சரக்கக் கப்பலோட திருப்பி விட்டுருவான். மருந்து இருக்கா இல்லையான்னு நாம சொல்லணும்."

"சொல்லிர வேண்டியதுதான?"

"அங்கதான் கஷ்டம். தேன்ல இருக்க சீனிக்கும் தண்ணின்னா உசுரு, அந்த மருந்துக்கும் தண்ணின்னா உசுரு. பழைய குழல்ல ரெண்டும் நிக்காம ஒண்ணா ஓடி வந்துருது. சீனிக் கூட்டத்துக்குள்ள மருந்து கண்ணுக்கே தெரியல."

"புதுசுல நிக்குமோ?"

"நிக்கும். உள்ள இருக்க பொடி மேல தண்ணி மெல்லிசாத் தோலு மாதிரி ஒட்டிக்கிட்டு கெடக்கும். மேல ஓடுறது அசிட்டோநைட்ரைல்னு ஒரு திரவம், அதுல தண்ணி ரொம்பக் கொஞ்சம். அப்ப, தண்ணி வேணுங்கிறது எல்லாம் அந்தத் தோல்ல போயி ஒட்டும். ஆச கொறஞ்சது முதல்ல கெளம்பும். ஆச கூடுனது பைய வரும். ஸ்கிரீன்ல ரெண்டு மலை தனித்தனியாத் தெரியும்."

அந்த மலையைத்தான் இவர்கள் பீக் என்கிறார்கள். நான் தயிர்சாதத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

"இவ்வளவுதான? தண்ணி வராத தெருவுல ஒரே ஒரு குழாயி. ஒத்தக் கொடத்தோட வந்தவ பிடிச்சுட்டுச் சட்டுனு போயிருவா. அஞ்சு கொடக்காரி நின்னு நெதானமாத்தான் போவா. தெருவுல தண்ணி லாரி வந்துட்டா, குழாயடியில எவ நிப்பா?"

ஆவுடை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "மாமா, இது சரியாத்தான் இருக்கு. ஓடுறதுல தண்ணி கூடிட்டா ஒண்ணுமே நிக்காது."

அவள் ஆச்சரியப்பட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. வரும் வருஷம் இதைப் பாடப் புத்தகத்தில் சேர்ப்பார்கள் என்று நினைக்கிறேன். கீழே என் பெயரைச் சின்ன எழுத்தில் போட்டால் போதும்.

சாயங்காலம் டைரக்டர் அறைக் கதவுக்கு இந்தப் பக்கம் பினாயில் அடுக்கிக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்ததால் தற்செயலாகக் காதில் விழுந்தது.

"நீ சொன்னேன்னுதாம்மா இதை வாங்கியிருக்கேன். இருபத்தஞ்சாம் தேதி தேன் கம்பெனிக்காரங்க நேர்ல வந்து பாக்கப் போறாங்க. அவங்க முன்னால சரியா வந்தா உனக்குக் கன்பர்மேஷன். வரலைன்னா, மாசக் கடைசியோட நீயும் வேற எடம் பாத்துக்கலாம்."

ஆவுடை எம்.எஸ்சி. முடித்துவிட்டு மூன்று வருஷம் பாளையங்கோட்டையில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தவள். அங்கே இனிமேல் போகமாட்டேன் என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். மறு தடவை சொல்லவில்லை என்பதால்தான் எனக்கு அது ஞாபகம் இருக்கிறது.

பினாயில் நான்கு பாட்டில் குறைகிறது. வாங்க வேண்டும்.

அக்டோபர் 10, வியாழன்

இரண்டு பீக்கும் பிரிந்துவிட்டன. திருச்செந்தூருக்கும் குலசேகரப்பட்டினத்துக்கும் நடுவே இருக்கிற மாதிரி அவ்வளவு இடைவெளி. ஆவுடை சத்தம் போடவில்லை. ஸ்கிரீனை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

நான் மக்ரூன் வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தேன். குழலை மிஷினில் பொருத்தும்போது நான் பக்கத்தில் நின்றேன் என்பதைப் பியூலாவிடம் சொன்னேன். "ஆமா அண்ணாச்சி, கதவுகூட பக்கத்துலதான் நிக்குது" என்றாள்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை.

ஞானதிரவியம் சார் வேதக்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். இருந்தாலும் வருஷா வருஷம் பூஜைக்குத் தடை சொன்னதில்லை. ஒன்று மட்டும் சொன்னார்: "அண்ணாச்சி, மிஷின் மேல சந்தனம், குங்குமம், விபூதி எதுவும் படக்கூடாது." நான் ஒரு பொட்டுகூட மிஷின் மேல் வைக்கவில்லை. இன்று ஆயுதங்களுக்கு ஓய்வு என்பதால் மிஷினை அணைத்து வைத்தார்கள். அதன் முன்னால் பொரி, கடலை, வாழைப்பழம், தராசு, இடுக்கி எல்லாம் பரப்பினேன். பாட்டில்களையும் வைத்தேன். பாட்டில் மிஷின் கிடையாது.

குழலுக்குள் ஓடுகிற ஆவுடையின் அந்தக் கரைசலை ஊற்றுகிற பழுப்புக் கண்ணாடிப் பாட்டில்கள் மொத்தமும் என் பொறுப்பு. "கழுவி, அசிட்டோநைட்ரைல் ஊத்தி அலசி, நல்லாக் காய வச்சுத்தான் தரணும் மாமா" என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். அப்படியே செய்தேன். எலும்பு மாதிரிக் காய்ந்திருந்தன.

ஆனால் சாமி முன்னால் வெறும் பாத்திரம் வைக்கக்கூடாது. குடமோ, சொம்போ, அரிசிப் பானையோ, அடியில் ஒரு கையாவது கிடக்க வேண்டும். இது தெரியாத வீடு தூத்துக்குடியில் கிடையாது. நவராத்திரிக்கென்று திருச்செந்தூரிலிருந்து நாழிக்கிணற்றுத் தண்ணீர் ஒரு கேன் கொண்டுவந்து ஸ்டோரில் வைத்திருந்தேன். கடல் பக்கத்தில் இருந்தும் உப்புக் கரிக்காத தண்ணீர். ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு கை ஊற்றினேன். காய வைத்த பிறகுதான் ஊற்றினேன் என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

பழுப்புக் கண்ணாடி. உள்ளே கிடப்பது வெளியே தெரியாது. சாமிக்குத் தெரியும்.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. ஆவுடை அளவு உருளையில் கரைசலை அளந்து, கலக்கி, பூஜையில் இருந்த பாட்டிலில் ஊற்றி மிஷினை ஓட்டினாள். இரண்டு பீக்கும் ஒன்றாக வந்துவிட்டன. ஒற்றுமை நல்லதுதானே என்று சொன்னேன். மறுபடி ஓட்டினாள்.

"நேத்து அணைச்சு வச்சதுல குழல் கொஞ்சம் மாறியிருக்கும் மாமா. ஓட ஓடப் பழகிரும்" என்றாள் பிறகு.

பழகாமல் எங்கே போகும்.

அக்டோபர் 14, திங்கள்

பழகவில்லை. நாள் பூராவும் ஓடியது. சீனியும் மருந்தும் கல்யாணத்துக்குப் போகிற புதுமாப்பிள்ளை பொண்ணு மாதிரி சேர்ந்தேதான் வருகின்றன.

நான் முன்னமே சொன்னேன், இது படுத்தும் என்று. ஆனால் இந்த மாதிரி நேரத்தில் சொல்லிக்காட்டுகிற ஆள் நான் இல்லை. இரண்டு தடவை மட்டும் சொன்னேன்.

பூஜை முடிந்துவிட்டதே, இனிமேல் பாட்டிலில் தண்ணீர் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். பிள்ளை இவ்வளவு கஷ்டப்படுகிற நேரத்தில் வெறும் பாட்டிலை அவள் கையில் எடுத்துக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இன்று கொடுத்த பாட்டிலிலும் ஒரு கை ஊற்றினேன். முருகன் பார்த்துக்கொள்வான்.

அக்டோபர் 15, செவ்வாய்

நேற்றைவிட மோசம். இரண்டு கையாக ஊற்றினேன்.

அக்டோபர் 16, புதன்

ஆவுடை சாப்பிடவில்லை. டப்பாவைத் திறந்து, மூடி, பைக்குள் வைத்துவிட்டாள்.

"சாம்பிளத் தண்ணில கரைச்சா கெட்டுரும்னு அதையும் மாத்திப் பாத்துட்டேன் மாமா. உப்பு மாத்திட்டேன். சூடு மாத்திட்டேன். ஒரு நாள் இருக்கது மாதிரி மறு நாள் இல்ல. யாரோ உள்ள உக்காந்து விளையாடுத மாதிரி இருக்கு."

"விளையாடுறது சாமியா இருந்தா நல்லதுக்குத்தான் இருக்கும்."

"பாட்டிலெல்லாம் எப்படிக் கழுவுதீய?"

"கழுவி, அலசி, காய வச்சுத்தான்."

இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது.

"கேக்கணும்னுதான் கேட்டேன். கோவிச்சுக்கிடாதீய" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு எதற்குக் கோபம்.

அக்டோபர் 18, வெள்ளி

ஞானதிரவியம் சார் எல்லோர் முன்னாலும் கேட்டார். அவர் குரலை உயர்த்துகிறவர் இல்லை. அதுதான் சங்கடம்.

"ஆவுடை, குழல் பழுதுன்னா அனுப்பினவங்ககிட்டச் சொல்லிருவோம். பழுதா?"

"பழுதில்ல சார்."

"அப்ப உன்கிட்டப் பழுதா?"

அவள் கையிலிருந்த தாளை நான்காக மடித்தாள்.

"வியாழக்கிழமைக்குள்ள சொல்லு. வெள்ளிக்கிழமை அவங்களை வர வேண்டாம்னு சொல்லணும்னாச் சொல்லிருவேன்."

நான் நடுவே புகுந்து நவகிரகம் பற்றி ஒரு வார்த்தை சொல்லலாம் என்று வாய் திறந்தேன். பியூலா என் காலை மிதித்தாள். தெரியாமல் பட்டிருக்கும்.

ஸ்டோருக்கு வந்து நாளைக்கான பாட்டில்களை எடுத்து வைத்தேன். மூன்று கை.

அக்டோபர் 21, திங்கள்

கோவில்பட்டியில் என் மச்சினன் மகன் கல்யாணம். ஐப்பசியில் முதல் முகூர்த்தம். போகாவிட்டால் தாலி கட்டுவதையே நிறுத்திவைப்பார்கள் என்பதால் போனேன். ஸ்டோர் சாவி பியூலாவிடம்.

பந்தியில் அப்பளத்தை உடைக்கும்போது போன் வந்தது.

"மாமா, பிரிஞ்சுட்டு."

"என்னது?"

"ரெண்டும் பிரிஞ்சுட்டு. பத்தாந்தேதி வந்தது மாதிரியே. பியூலா ஸ்டோர்ல புதுப் பெட்டிய உடைச்சு ஒரு பாட்டில் எடுத்துத் தந்தா. நான் வேற ஒண்ணுமே மாத்தல மாமா. எப்படின்னே தெரியல."

எனக்குத் தெரியும். காலையில்தான் சுற்று வழியாகக் கழுகுமலையைத் தொட்டு வந்தோம். பஸ்ஸிலிருந்தபடியே மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டிருந்தேன். பக்கத்து இலைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். "நீங்க சயின்டிஸ்டா?" என்றார். மறுக்க நேரம் இல்லை, பாயசம் வந்துவிட்டது.

அக்டோபர் 22, செவ்வாய்

வேலைக்கு வந்ததும் முதல் வேலையாகப் பாட்டில்களை எடுத்தேன். ஜெயித்த குதிரைக்குத்தான் கொள்ளு வைக்க வேண்டும். கேனில் நாழிக்கிணற்றுத் தண்ணீர் தீர்கிற நிலை. மாநகராட்சித் தண்ணீரைச் சேர்த்துப் பெருக்கினேன். தாமிரபரணியில் விழுந்த ஓடையும் தாமிரபரணிதான். தாராளமாகவே ஊற்றினேன்.

மத்தியானம்: இரண்டும் மறுபடி ஒன்றாக.

ஆவுடை நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு தாளை எடுத்து எதையோ எழுதி, எழுதியதைப் பார்த்து, என்னைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள்.

எனக்கு ஸ்டோரில் வேலை இருந்தது.

அக்டோபர் 23, புதன்

காலை. முதல் பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆவுடை கதவில் நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் வணக்கம் சொல்லியிருப்பேன்.

"மாமா, அது என்ன?"

"நாழிக்கிணத்துத் தண்ணி."

"எதுக்கு?"

"வெறும் பாட்டிலக் கையில தரக்கூடாதுல்லா."

அவள் உள்ளே வந்து டிஷ்யூ பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். "எப்ப இருந்து?"

"பூஜைல இருந்து."

"தெனமுமா?"

"கல்யாணத்துக்குப் போன அன்னைக்கு இல்ல."

"ஒரே அளவா?"

"அதெப்படி. அன்னன்னைக்கு ஒனக்கு எவ்வளவு கஷ்டமோ அவ்வளவு."

கையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். கையை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீரும் இருந்தது. இரண்டையும் பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

"மாமா, குழாயடியில எல்லாரும் வரிசையா நின்னுக்கிட்டு இருந்தாவ. நீங்கதான் தெனமும் லாரியக் கொண்டாந்து விட்டிருக்கீய."

கேனை மூடிக் கீழே வைத்தேன்.

"ஒரு கை தண்ணிக்கா ஏட்டி இம்புட்டும்?"

"ஒரு கை போதும் மாமா. இந்தக் குழலுக்கு அதுவே வெள்ளம்."

இருந்த பாட்டில்களையெல்லாம் கொட்டி, அலசி, காய வைத்தோம். அவள் துடைத்தாள், நான் அடுக்கினேன். சாயங்காலம் பீக் இரண்டும் பிரிந்தன. மறுபடி ஓட்டினாள், அதே இடம். மறுபடியும், அதே இடம். வீட்டுக்குப் போகும்போது கேனைக் கையோடு எடுத்துக்கொண்டேன். மிச்சத்தை வாசல் வேப்பமரத்துக்கு ஊற்றினேன். அது பிரிக்க வேண்டியது எதுவும் இல்லை.

அக்டோபர் 24, வியாழன்

எல்லாம் சரியாகிவிட்டது, இனி ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன். ஞானதிரவியம் சார் சும்மா விடவில்லை.

"சரியானது சந்தோஷம்மா. ஆனா பத்து நாளு ஏன் சரியா வரலைன்னு அவங்க கேப்பாங்க. காரணம் தெரியாம சரியானது காரணம் தெரியாமயே கெட்டும் போகும். சாயங்காலத்துக்குள்ள எழுதிக் கொடு."

இது நியாயமான கேள்வி. நானே கேட்டிருப்பேன்.

மூன்று மணிக்கு ஆவுடையிடம் டீ கொண்டுபோனேன். கம்ப்யூட்டரில் ஒரே ஒரு வரி இருந்தது. கரைசல் தயாரித்தவரின் கவனக்குறைவு என்று. தயாரிக்கிறவள் அவள்.

"இப்படி எழுதினா ஒன் கன்பர்மேஷன் என்ன ஆகும்?"

"பாப்போம்."

"நெசத்த எழுத வேண்டியதுதான?"

"மாமா, டீ ஆறிரும். கொடுங்க."

இந்த வேலைக்கு என்னைச் சேர்த்துவிட்டதே அவள்தான் என்று யாராவது சொன்னால், இருக்கலாம். நான் சேருவதற்கு முதல் நாள் அவள் தன் அம்மாவிடம் "மாமா வீட்டுல சும்மாவே இருந்தா அத்தைய மண்டை காய வச்சிருவாவ" என்று சொன்னது எனக்குத் தெரியும்.

நான் டைரக்டர் அறைக்குப் போனேன். ஒரு விஞ்ஞான விளக்கம் கொடுப்பதற்காகத்தான். கதவைத் தட்டிவிட்டு, நின்றபடியே சொன்னேன்:

"சார், பிள்ளை மேல தப்பில்ல. பாட்டில்ல தண்ணி ஊத்தினது நான். பூஜைல இருந்து நேத்துக் காலைல வரைக்கும். அவளுக்குத் தெரியாது. நேத்து அவளேதான் கண்டுபிடிச்சா. யாரும் சொல்லாமயே கண்டுபிடிச்சா."

அவர் பேனாவை மூடி வைத்தார். "எதுக்கு ஊத்துனீங்க?"

"காலியாக் கொடுக்க மனசு வரல சார்."

"அதை அவ எழுதித் தரட்டுமே?"

"எழுத மாட்டா சார். அதான் நான் வந்தேன்."

பிறகு நாற்காலியை விட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அண்ணாச்சி, உங்களை மாதிரி ஒரு ஆள் இந்தியாவில கெடையாது" என்றார். நான் மிகவும் களைத்துத் தெரிவதாகவும், கொஞ்சநாள் லீவு எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் வற்புறுத்தினார். லீவில் எனக்குத் தொந்தரவு எதுவும் இருக்கக்கூடாது என்று ஸ்டோர் சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டார். அவ்வளவு அக்கறை.

சாப்பாட்டு டப்பா, குடை, முருகன் படம் மூன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். லீவு நாளில் அவை அங்கே எதற்கு.

அக்டோபர் 25, வெள்ளி

லீவு. வீட்டிலிருந்தபடியே நிலைமையைக் கவனித்தேன். அதாவது போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்றரைக்குப் பியூலா கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, மூணு குப்பி தேன் கொண்டாந்தாவ. ஒண்ணுல மட்டும் மருந்து கலந்திருக்கு, எதுன்னு சொல்ல மாட்டோம், நீங்க சொல்லுங்கன்னாவ."

"பெறவு?"

"ஆவுடை மூணையும் ஓட்டினா. ரெண்டாவது குப்பின்னா. எவ்வளவு இருக்குன்னும் சொன்னா. அவிய கையில வச்சிருந்த சீட்டப் பாத்துட்டு ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாவ."

"சரியா?"

"சரியாவா. டைரக்டர் சார் கண்ணாடியக் கழத்தித் தொடச்சாரு அண்ணாச்சி."

பிறகு பியூலாவே, "ஸ்டோர்ல பாட்டில் எல்லாம் காஞ்சுபோயிக் கெடக்கு, நீங்க இல்லாம" என்றாள். காய்ந்துதான் கிடக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன்.

என் மனைவி சண்முகக்கனி இந்தச் சமயம் பார்த்து வெங்காயம் உரிக்கக் கொடுத்தாள். உரித்தேன். வெங்காயம் காரணமாகக் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது.

அக்டோபர் 26, சனி

"லீவு எப்பம் முடியும்?" என்று சண்முகக்கனி கேட்டாள். தீபாவளிக்குப் பிறகு என்றேன். எந்தத் தீபாவளி என்று அவள் கேட்கவில்லை.

அக்டோபர் 28, திங்கள்

ஆறு மணிக்கு ஆவுடை வந்தாள். செருப்பைக் கழற்றும் முன்னாலேயே கவரை நீட்டினாள். கன்பர்மேஷன். ஆவுடைச்செல்வி, சீனியர் அனலிஸ்ட். பெயரில் எழுத்துப் பிழை இல்லை. நான் மூன்று தடவை பார்த்தேன்.

காப்பி குடித்தாள். அத்தையிடம் தீபாவளிப் பலகாரம் பற்றிப் பேசினாள். அத்தை அடுக்களைக்குப் போனதும் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மாமா, ஒண்ணு கேப்பேன். நெசத்தச் சொல்லணும்."

"நான் என்னைக்கு ஏட்டி பொய் சொல்லியிருக்கேன்?"

"சார் ஒங்கள என்ன சொன்னாரு?"

"அதான் சொன்னேனே. கையப் பிடிச்சுக் குலுக்கினாரு. இந்தியாவிலயே கெடையாதுன்னாரு. லீவு எடுத்துக்கச் சொன்னாரு. வயசாகுதுல்லா, முட்டியும் வலிக்கு. நானே கேக்கலாம்னு இருந்தேன், அவரே சொல்லிட்டாரு."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்கிரீனைப் பார்க்கிற அதே பார்வை. எது எங்கே பிரிகிறது என்று பார்க்கிற பார்வை.

"நான் எழுதியிருப்பேன் மாமா. என் பேர்லயே எழுதியிருப்பேன்."

"தெரியும். ஒழுங்காக் காப்பியக் குடி."

குடித்தாள். போகும்போது வாசலில் நின்று, "பாட்டில நான்தான் இப்பம் கழுவுதேன். ஒங்கள மாதிரி பளபளன்னு வர மாட்டேங்கு" என்றாள். அதற்கு ஒரு பக்குவம் உண்டு, தேங்காய் நார் போட்டுத் தேய்க்கிற கோணத்தில் இருக்கிறது, சோடா கம்பெனியில் ஜப்பான்காரர் ஒருவரே வந்து என்னிடம் கற்றுக்கொண்டு போனார் என்று விளக்கிச் சொன்னேன். தெருமுனை திரும்புகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே நடந்தாள்.

இந்த மாதம் நான் எழுதிய அத்தனையும் நடந்தது நடந்தபடிதான். குழாயடி உதாரணம், கழுகுமலைக் கும்பிடு, நான் நின்றபடியே சார் முன்னால் சொன்ன வார்த்தைகள் எல்லாம் அப்படியே. ஜப்பான்காரர்கூட உண்மையில் வந்தார். சோடா குடிக்க வந்தார்.

ஒன்று மட்டும் நானாகச் சேர்த்துப் போட்டுக்கொண்டது. சார் நாற்காலியை விட்டு எழவில்லை; உட்கார்ந்தபடியே சாவியைக் கேட்டு வாங்கினார். எனக்கு லீவும் கொடுக்கவில்லை.